நட்சத்திரம் தெரியாத பிள்ளைக்கு அர்ச்சனை

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன வெள்ளிக்கிழமை சாயந்தரம் அர்ச்சனைச் சீட்டு கவுண்டர்ல நாங்க ரெண்டு பேரும்தான் உட்கார்ந்திருந்தோம். ஒரு இளம் தம்பதி கைக்குழந்தையோட வந்தாங்க. பிள்ளைக்கு ரெண்டு மாசம் இருக்கும். பேர் சொன்னாங்க, எழுதினோம். ராசி நட்சத்திரம் கேட்டோம். அந்தப் பொண்ணு வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துச்சு. அவர் மெதுவா, "தெரியாதுங்க" அப்படின்னார். பின்னால வரிசையில நின்ன ஒரு அம்மா சத்தமாவே, "ஏன், எடுத்து வளக்குற பிள்ளையா?" அப்படின்னு கேட்டாங்க. பக்கத்துல இருந்தவங்க, "என்ன ஆளுங்கன்னு விசாரிச்சீங்களா?" அப்படின்னாங்க. அவ்வளவுதான். "அப்புறம் வர்றோம்" சொல்லிட்டு ரெண்டு பேரும் வெளிய போயிட்டாங்க. நாங்க எழுந்து போய்க் கூப்பிடறதுக்குள்ள காடி கிளம்பிடுச்சு. சீட்டுப் புத்தகத்துல பிள்ளை பேர் மட்டும் எழுதினபடி நிக்குது.

கேட்டவங்க கெட்டவங்க இல்ல. அன்னதானத்துக்கு எங்களோட உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறவங்கதான். ஆனா இந்தக் கேள்விய நாங்க 2016-லேர்ந்து வாங்கிட்டு இருக்கோம். அதனால இன்னிக்குப் பேசிடலாம்னு தோணுச்சு.

எங்களுக்குக் கல்யாணமாகி 14 வருஷம் பிள்ளை இல்ல. கிளினிக், மருந்து, விரதம், பால்குடம் எல்லாம் ஆச்சு. யாராவது சொன்ன கோயிலுக்கெல்லாம் போனோம். கடைசியில சமூகநல இலாகாவுல பேர் பதிஞ்சோம். அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்தாங்க, சம்பளச் சீட்டு கேட்டாங்க, எங்க பிள்ளை தூங்கும்னு அறைய எட்டிப் பார்த்தாங்க. அப்புறம் ரொம்ப நாள் ஒரு தகவலும் இல்ல. மறந்தே போற நேரத்துல போன் வந்துச்சு. பொண் குழந்தை, பிறந்து 11 நாள்.

அது ஆடி மாசம். "ஆடியில போய் பிள்ளைய வீட்டுக்குக் கொண்டு வரலாமா, ஆவணி பிறக்கட்டுமே" அப்படின்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. பிள்ளை ஆவணி வரைக்கும் யார் மடியில கிடக்கும்? குருக்கள் ஐயாகிட்ட ஓடினோம். அவர் சிரிச்சுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "அடுத்த வாரம் ஆடிக் கிருத்திகை. அது யாருக்கான நாள்?" முருகனைப் பால் கொடுத்து வளர்த்த ஆறு கார்த்திகைப் பெண்களுக்கான நாள். அவங்க பெறல, எடுத்து வளர்த்தாங்க. அதனாலதான் அவனுக்குக் கார்த்திகேயன்னு பேரே. மறுநாளே போய்ப் பிள்ளைய வாங்கிட்டு வந்தோம்.

வீட்டுல ஒண்ணும் தயார் இல்ல. தொட்டில்கூட இல்ல. அன்னிக்கு ராத்திரி கோயில்ல தவில் வாசிக்கிற அண்ணன் ஸ்பிரிங் தொட்டில் கம்பியக் கொண்டு வந்து அவரே மாட்டிக் கொடுத்தார். அவங்க வீட்டுல நாலு பிள்ளைங்க ஆடின கம்பி. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா குளிப்பாட்டச் சொல்லிக் கொடுத்தாங்க. எங்க கைக்கு மெஷின் பிடிக்கத் தெரியும், 11 நாள் பிள்ளையோட கழுத்தப் பிடிக்கத் தெரியல. நைட் ஷிப்ட் ஆளுங்க, அதுல பாதிப் பேர் நேப்பாளம், வங்காளதேசத்துலேர்ந்து வந்த பையன்க, ஊருக்குப் பணம் அனுப்புறவங்க, ஒரு கவர்ல காசு சேர்த்துக் கொடுத்தாங்க. எண்ணிப் பார்த்தா 340 வெள்ளி. ரெண்டு மாசத்துக்குப் பால்மாவு.

வயிறு திறக்கறதுதான் அற்புதம்னு நாங்களும் 14 வருஷம் நெனச்சுட்டு இருந்தோம். கேட்டது ஒண்ணு, கிடைச்சது வேற. ராத்திரி மூணு மணிக்குப் பால் கலக்கிக்கிட்டு இருக்கும்போது குரல் கேட்ட பக்கம் அந்தப் பிள்ளை தலைய மெல்லத் திருப்புச்சு பாருங்க, அப்போ முருகா முருகான்னு ரெண்டு பேரும் அழுதோம். இதெல்லாம் அற்புதமான்னு கேட்டா, எங்களுக்கு அதுக்கு வேற வார்த்தை தெரியல.

ஒரு பேச்சு மட்டும் எங்களுக்கு இன்னும் ஆறல. "நல்ல காரியம் பண்ணிருக்கீங்க, இனிமே சொந்தமா ஒண்ணு தங்கும் பாருங்க." நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, அப்போ மடியில இருக்கறது என்ன, பரிகாரமா? அந்தப் பிள்ளை வளர்ந்து காது கேக்கற வயசுலயும் இதையே சொல்றாங்க.

2017 தைப்பூசத்துக்குப் பத்துமலையில கரும்புத் தொட்டில் கட்டி 272 படி தூக்கிட்டுப் போனோம். அப்போ படிக்கட்டுக்கு இந்தக் கலர் பெயிண்ட் எல்லாம் அடிக்கல. "கரும்புத் தொட்டில் பெத்த பிள்ளைக்குத்தான"ன்னு ஒருத்தர் வழியிலேயே சொன்னார். நாங்க பதில் சொல்லல, கரும்பு தோள்ல அழுத்திட்டு இருந்துச்சு. இப்போ சொல்றோம். நம்ம சன்னிதியில நிக்கிறவங்களையே பாருங்க. முருகன் கார்த்திகைப் பெண்கள் வளர்த்த பிள்ளை. வள்ளி, கிழங்கு அகழ்ந்த குழியில வேடர் தலைவன் நம்பி கண்டெடுத்த பிள்ளை. தெய்வயானைய வளர்த்தது ஐராவதம்னு கந்தபுராணம் சொல்லுது. மூணு பேருமே வளர்ப்புப் பிள்ளைங்கதான். அவங்களுக்கு முன்னால நின்னுக்கிட்டு எப்படிங்க ஒரு கைக்குழந்தைக்கு "என்ன ஆளுங்க"ன்னு கேக்குறோம்?

எங்க பொண்ணுக்கு நாலு வயசுலயே வள்ளி கதையத்தான் முதல்ல சொன்னோம். "அந்த அப்பாவுக்குப் பாப்பா கிடைச்ச மாதிரி எங்களுக்கு நீ." மறைக்கச் சொல்லி நிறைய பேர் சொன்னாங்க. மறைச்சா, ஒருநாள் கோயில் வரிசையில யாராவது சொல்லித்தான் தெரிஞ்சுக்கும். அது எங்க வாயால வரட்டும். ஒருநாள், "என்னைப் பெத்தவங்க சாப்பிட்டாங்களா?" அப்படின்னு கேட்டுச்சு. பதில் சொல்ல முடியல. அதுலேர்ந்து வெள்ளிக்கிழமை ரெண்டு சீட்டு எடுக்கறோம். எங்க குடும்பத்துக்கு ஒண்ணு, அந்தத் தாய்க்கு ஒண்ணு. அவங்க நட்சத்திரமும் எங்களுக்குத் தெரியாது. சாமி பேருக்கே அர்ச்சனை நடக்குது.

இன்னொண்ணும் கண்டிப்பா சொல்லணும். சாமி கொடுத்த பிள்ளைக்குப் பத்திரம் எதுக்குன்னு, தெரிஞ்சவங்க மூலமா கைமாத்தி வாங்கி அப்படியே வளர்க்கறவங்க நம்மள்ல இருக்காங்க. தயவுசெஞ்சு அப்படிச் செய்யாதீங்க. 12 வயசுல மைகாட் எடுக்கப் போகும்போது பிள்ளைதான் கவுண்டர் கவுண்டரா நிக்கும். பெத்தவங்க யாருன்னு பதிவே இல்லன்னா குடியுரிமையே சிக்கல், அப்புறம் தத்து உத்தரவு வாங்கினாலும் அது தானா சரியாகாது. நம்மள மாதிரி முஸ்லிம் அல்லாதவங்களுக்கு 1952 தத்தெடுப்புச் சட்டம் இருக்கு. பிள்ளை குறைஞ்சது மூணு மாசம் தொடர்ந்து நம்ம பராமரிப்புல இருக்கணும், சமூகநல இலாகாவுக்கு முன்கூட்டியே தெரிவிக்கணும், அப்புறம் கோர்ட் உத்தரவு. ஜே.பி.என். வழியாப் பதியற இன்னொரு முறைக்கு ரெண்டு வருஷம் வளர்த்திருக்கணும். வக்கீல் செலவு, லீவு, அலைச்சல் எல்லாம் உண்டு. எங்களுக்கு நீதிபதி அறையிலதான் விசாரணை நடந்துச்சு. எங்க பொண்ணு அவங்க மேசையில இருந்த பேனாவப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. எங்க பேர் போட்ட பிறப்புப் பத்திரம் கைக்கு வந்த அன்னிக்கு அதை நேரா சன்னிதியில வச்சு எடுத்தோம். விவரம் வேணும்னா எங்களைக் கேளுங்க, எந்தக் கடுதாசிக்கு எங்க போகணும்னு சொல்றோம்.

ஜாதகம் பார்க்கறதை நாங்க குறை சொல்லல. தெரிஞ்சவங்க நட்சத்திரம் சொல்லட்டும். தெரியாதவங்ககிட்ட கவுண்டர்ல இருக்கற தொண்டர்கள் ரெண்டாவது கேள்வி கேக்க வேண்டாம், சாமி பேருக்குன்னு எழுதிக் கொடுத்துடலாம். வர்ற நிர்வாகக் கூட்டத்துல இதைக் கேக்கப் போறோம். வரிசையில நிக்கிறவங்களுக்குக் கூட்டத்துல தீர்மானம் போட முடியாது, அதனாலதான் இந்தப் பதிவு.

அந்தத் தம்பி தங்கச்சி யாருன்னு எங்களுக்குத் தெரியாது. உங்கள்ல யாருக்காவது தெரிஞ்சா இதை அனுப்பி வைங்க. வர்ற வெள்ளிக்கிழமை ஆறரை மணியிலேர்ந்து கவுண்டர்ல நாங்கதான் இருப்போம். பாப்பா பேர் ஏற்கெனவே எழுதியிருக்கு. அந்தச் சீட்ட நாங்க கிழிக்கல.