டைனோசர் படங்களில் இடம்பெறாத காட்சிகள்

ஜுராசிக் படவரிசையில் 1993 முதல் 2025 வரை ஏழு படங்கள் வந்துள்ளன. அவற்றில் இடம்பெறாமல் போன காட்சிகள் இரண்டு வகை: ஸ்டோரிபோர்டோடு நின்றவை, படம்பிடித்த பிறகு எடிட்டிங்கில் வெட்டப்பட்டவை. முதல் வகையில் பல, வேறொரு படத்தில் திரும்பி வந்தன. இரண்டாவது வகை, வெட்டிய இடத்தில் பள்ளத்தை விட்டுச் சென்றது. திரைக்கதை எழுதுவோரும் எடிட்டர்களும் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

மைக்கேல் கிரைட்டனின் 1990ஆம் ஆண்டு நாவலில், ஆய்வாளர் கிராண்டும் இரண்டு குழந்தைகளும் மிதவைப் படகில் ஆற்றோடு போக, டி-ரெக்ஸ் நீந்தித் துரத்தும். ஸ்பீல்பெர்க்கின் முதல் படத்துக்காக அது வரையப்பட்டது, எடுக்கப்படவில்லை. அந்தப் படத்தின் திரைக்கதையாளர்களில் ஒருவரான டேவிட் கெப், 2025இல் 'ரீபர்த்' படத்தை எழுதியபோது அதே துரத்தலை வேறு பாத்திரங்களுக்குக் கொடுத்தார். நாவலில் வரும் பறக்கும் விலங்குகளின் கூண்டு 2001இல் மூன்றாவது படத்துக்குப் போனது. சிறுமி லெக்ஸ் ட்ரைசெராடாப்ஸ் குட்டியின் மேல் சவாரி செய்யும் காட்சிக்கு ஸ்டான் வின்ஸ்டனின் குழு பொம்மை செய்யவே தொடங்கியிருந்தது. கதையின் வேகம் குறையும் என்று அது நின்றது. 2015இல் 'ஜுராசிக் வேர்ல்டு' பூங்காவில் குழந்தைகள் அதே சவாரியைச் செய்கிறார்கள்.

முதல் படத்தில் கைவிடப்பட்டவற்றுள் மிகப் பெரியது ஓர் உத்தி. முழு உருவில் ஓடும் டைனோசர்களை, பொம்மைகளைச் சிறிது சிறிதாக அசைத்துப் படமெடுக்கும் கோ-மோஷன் முறையில் பில் டிப்பெட் செய்வதாக இருந்தது. ஐ.எல்.எம். நிறுவனத்தின் கணினிச் சோதனைகளைப் பார்த்ததும் ஸ்பீல்பெர்க் மனம் மாறினார். ஆனாலும் டிப்பெட் முன்கூட்டியே பொம்மைகளை வைத்து எடுத்திருந்த அனிமேட்டிக்ஸ் வீணாகவில்லை. சமையலறையில் ராப்டர்கள் குழந்தைகளைத் தேடும் காட்சிக்கு அதுதான் வழிகாட்டி. அதில் ராப்டர்கள் பாம்பைப் போலப் பிளவுபட்ட நாக்கை நீட்டின. ஆலோசகராக இருந்த தொல்லுயிரியலாளர் ஜாக் ஹார்னர் மறுத்ததால் நாக்கு மட்டும் போனது. மூட்டுகளில் சென்சார் பொருத்திய எலும்புக்கூட்டுப் பொம்மையைக் கையால் அசைத்தால் அந்த அசைவு கணினிக்குள் போகும் கருவியும் உருவாக்கப்பட்டது. பொம்மை அசைப்பவர்களின் கைத்திறன் அப்படிப் புதிய முறைக்குள் நுழைந்தது. ஒரு முறையைக் கைவிட்டாலும் அதில் தேர்ந்த கலைஞர்களைக் கைவிடத் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

முடிவுக்காட்சியும் மாறியது. முதலில் எழுதியபடி, கிராண்ட், பூங்காவின் மண்டபத்தில் உள்ள ஏற்றுமேடையை இயக்கி, ஒரு ராப்டரை டி-ரெக்ஸ் எலும்புக்கூட்டின் தாடைக்குள் சிக்கவைப்பார். படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே ஸ்பீல்பெர்க் அதை மாற்றி, உயிருள்ள டி-ரெக்ஸையே மண்டபத்துக்குள் கொண்டுவந்தார். பார்வையாளர் காத்திருந்தது அதற்காகத்தான், சரியான முடிவு.

முதல் படத்தில் ஒன்று மட்டும் சரியாக அமையவில்லை. நோயுற்ற ட்ரைசெராடாப்ஸுக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை நோய் வருவதாகச் சொல்லப்படுகிறது. தொல்தாவரவியலாளர் எல்லி, காரணமென்று ஐயுற்ற நச்சுக்காய்களைச் சாணக் குவியலுக்குள் கைவிட்டுத் தேடியும் அவை அகப்படவில்லை. நாவலில் நோயுறும் விலங்கு ஸ்டெகோசாரஸ். இரையை அரைக்க விழுங்கும் கற்களோடு காய்களும் உள்ளே போகின்றன என்ற விடை அங்கே உண்டு. படத்தில் கேள்வி மட்டும் தங்கிவிட்டது.

1997இன் 'தி லாஸ்ட் வேர்ல்டு' படத்தில் தீவிலேயே டெரனோடான்கள் ஹெலிகாப்டரைத் தாக்குவதாக வைத்திருந்த முடிவு தாளோடு போய், சான் டியேகோ நகரம் வந்தது. இழப்பு எதுவும் இல்லை. ஆனால் படம்பிடித்து வெட்டிய மொம்பாசா மதுக்கடைக் காட்சி அப்படியல்ல. வேட்டைக்காரர் ரோலண்ட் டெம்போவை அவருடைய நண்பர் அஜய் தேடி வந்து, டி-ரெக்ஸ் வேட்டைக்கு அழைக்கும் இடம் அது. அது இல்லாமல் ரோலண்ட் திடீரென்று வந்து நிற்கிறார். கடைசியில் அஜய்யின் சாவால் மனமுடைந்து, தனக்குத் தரப்படும் வேலையை அவர் மறுக்கும்போது, அந்த நட்பின் ஆழம் பார்வையாளருக்குத் தெரியாது. டிவிடியில் அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அது வேறு படமாகவே தோன்றும்.

நான்காவது படத்துக்காக ஜான் சேல்ஸ் எழுதிய வரைவில் மரபணு மாற்றிச் சண்டைப் பணிகளுக்குப் பழக்கிய டைனோசர்கள் இருந்தன. மனிதமும் டைனோசரும் கலந்த உருவங்களும் ஓவியமாகத் தீட்டப்பட்டன. கலப்பு உருவங்கள் மறைந்தன. பழக்கிய ராப்டர்கள் என்ற கரு மட்டும் 2015இல் வந்தது. கதையும் அதன் பலத்தில் நின்றது.

2022இன் 'டொமினியன்' படத்துக்காக எடுத்த முன்கதை, 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஜைகனோடோசாரஸ் டி-ரெக்ஸைக் கொல்வதையும் கொசு அந்த டி-ரெக்ஸின் ரத்தத்தைக் குடிப்பதையும் காட்டுகிறது. 2021இல் வேறொரு படத்துடன் ஐமேக்ஸ் திரைகளில் முன்னோட்டமாகக் காட்டிய அந்தப் பகுதி, திரையரங்குப் பதிப்பில் இல்லை. அதனால் இறுதியில் அதே இரண்டு இனங்களும் மோதுவது பழைய பகையின் தீர்ப்பாக இல்லாமல் வெறும் சண்டையாகிவிட்டது. சுமார் 14 நிமிடம் நீண்ட பதிப்பில் முன்கதை மீண்டும் சேர்ந்தது. மோதலுக்கும் அதன் காரணம் திரும்பக் கிடைத்தது.