தோற்றவர் கேட்ட கேள்வி

தேர்தல் முடிவுகள் வெளியானதும் கட்டுப்பணம் இழந்தோரின் பெயர்களைத் தேடிப் படித்துச் சிரிப்பது நம்மிடையே ஒரு பொழுதுபோக்கு. வென்றவரிடம் மட்டுமே அரசியல் உண்டு என்னும் எண்ணமே இச்சிரிப்பின் அடித்தளம். 1849ஆம் ஆண்டு பிரான்சின் சட்டசபைக்குப் போட்டியிட்டுத் தோற்ற ழான் தெருவானின் வரலாற்றை அறிந்தோர் அவ்வெண்ணத்தை ஏற்கார்.

தையல் வேலை செய்து வாழ்ந்து, தன் முயற்சியாற் கற்று ஆசிரியையானவர் அவர். 1848 பெப்ரவரிப் புரட்சி முடியாட்சியை வீழ்த்தியது; அடுத்த மாதமே சர்வசன வாக்குரிமை பிரகடனமாயிற்று. ஏறத்தாழ 90 இலட்சம் பேர் வாக்காளராயினர். அவருள் ஒருவரேனும் பெண்ணல்லர்! சனத்தொகையிற் பாதியை விலக்கிவிட்டுச் ‘சர்வசனம்’ என்று பெயரிட்டமை அந்நாளைய மேதைகளை உறுத்தவில்லை. அவ்வாண்டு யூலையிற் பெண்கள் அரசியற் கழகங்களிற் சேர்வதும் தடைசெய்யப்பட்டது.

இந்நிலையிற்றான், வாக்களிக்கவே உரிமையற்ற தெருவான் வாக்குக் கேட்டு வந்தார். பழைமைவாதிகள் எதிர்த்தமை வியப்பன்று. சொத்துடைமையைத் திருட்டெனக் கண்டித்த புரூதோன் என்ன செய்தார்? பெண்ணுக்குரிய இடம் குடும்பமே எனத் தம் பத்திரிகையில் எழுதினார். பெண் சட்டமியற்றுவது ஆண் பாலூட்டுவதை ஒக்கும் என்பது அவர் வாதம். அப்படியாயின் சட்டமியற்றுவதற்கு இன்றியமையாத உடலுறுப்பு எதுவெனக் காட்டுமாறு தெருவான் கேட்டார். அதற்குத் தக்க மறுமொழி இன்றுவரை எவரிடமிருந்தும் வந்ததில்லை.

முதலில் திருமணச் சட்டம் திருந்தட்டும், அரசியலுரிமை பின்னர் வரலாம் என்போரும் இருந்தனர். எழுத்தாளர் ஜோர்ஜ் சான்ட் அத்தகையவர். 1848இற் பெண்கள் பத்திரிகையொன்று தம்மை வேட்பாளராக முன்மொழிந்தபோது அவர் கடிந்து மறுத்தார். இவ்வாதத்தை அற்பமென்று தள்ளுதல் நேர்மையன்று. ஆயினும், திருமணச் சட்டத்தைத் திருத்த வேண்டியவர்கள் அதனாற் பயன்பெறும் கணவன்மாரே எனின், அத்திருத்தம் எப்போது வரும்?

1850இல் தெருவான் கைதானார். தொழிலாளர் சங்கங்களை ஒன்றிணைக்கும் திட்டத்தை வகுத்ததே குற்றம். தண்டனை ஆறுமாதச் சிறை. அத்திட்டம் தம்முடையதென நீதிமன்றிற் கூறவேண்டாமென்று தோழர்கள் தரப்பு வழக்கறிஞரே அவரை வேண்டினார். ஒரு பெண் தலைமை தாங்கினாள் என்பது வெளிப்படலாகாதாம்! தோல்வியிலும் கொடிது இது. 1852இல் இலண்டனுக்குப் புலம்பெயர்ந்த அவர் 1894இல் அங்கேயே மறைந்தார்.

பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தது 1945இலேயே. எனவே 1849இன் முயற்சி வீணே என்பர். அவர் நின்றிராவிடின், சமத்துவம் பேசியோர் தம் சமத்துவத்தின் எல்லையை வாய்திறந்து கூறவேண்டி வந்திருக்குமா?

நம் நாட்டுப் பெண்கள் பிரெஞ்சுப் பெண்களுக்கு 14 ஆண்டுகள் முன்னதாக, 1931இல், வாக்களித்தனர். அப்பெருமையை மேடைதோறும் கேட்கிறோம். ஆனால் 2024 பொதுத் தேர்தலிலும் 225 ஆசனங்களுட் பெண்கள் பெற்றவை பத்திலொரு பங்கை எட்டவில்லை. வேட்பாளர் பட்டியல்களைத் தயாரிக்கும் நம் முற்போக்குக் கட்சிகள் இதற்குக் காரணம் கூறுவதில்லை. புரூதோனாவது தம் காரணத்தைப் பத்திரிகையில் எழுதினார்.