விரலை எடுத்தாற்றான் செவி திறக்கும்

அமெரிக்க நாட்டிலே, அடுப்பும் படுக்கையும் அமைந்த வீட்டு வண்டிகளிற் குடும்பத்தோடு ஊர் சுற்றுவோர் பலர். இரண்டு மூன்று வண்டிகள் கூடிச் செல்லுங்கால், ஒன்றையொன்று பிரியாதிருப்பது எங்ஙனம்? மரணப் பள்ளத்தாக்குப் போன்ற பாலைநிலங்களிற் கைத்தொலைபேசி பல இடங்களிற் பயன்படாது. அங்கே கைகொடுப்பது இருவழி வானொலி.

1958ஆம் ஆண்டிற் பொதுமக்களுக்கென வகுக்கப்பட்ட 'சிற்றிசன்ஸ் பாண்ட்' வானொலிக்கு இன்று 40 அலைவழிகள் உள. அவற்றுள் ஒன்பதாவது, ஆபத்தில் உதவி கோருவதற்கென ஒதுக்கப்பட்டது. இதற்குக் கோபுரமும் வேண்டாம். மாதக் கட்டணமும் இல்லை. ஆயினும் ஆற்றல் பொதுவாக 4 உவாற்றே. சில மைல்களுக்கு அப்பாலோ, மலையொன்று குறுக்கிட்டாலோ குரல் எட்டாது. ஆதலின், எந்த வழியிற் பேசுவது, பிரிந்தால் எங்கே கூடுவது என்பவற்றைப் புறப்படுமுன்னரே முடிவு செய்தல் வேண்டும்.

இன்னுமொன்று. விசையை அழுத்தினாற் பேசலாம், விட்டாற்றான் கேட்கலாம். "உங்கள் சக்கரத்திற் புகை!" என்று பின்வண்டி கூவும்போது, முன்வண்டிச் சாரதி விசையை அழுத்தியபடி வேடிக்கை பேசிக்கொண்டிருந்தால், அவ்வெச்சரிக்கை அவர் செவியில் விழாது. சொல்லவேண்டியதைச் சுருங்கச் சொல்லி விரலை எடுக்கும் பழக்கமே அங்கு உயிர் காக்கும்.

நாற்பது நிமிடப் பாடத்தில் அவ்விசையை விட மறந்த நாட்கள் நமக்கும் பலவுண்டு.