திரை புதுசு, புரோகிராம் பழசு!

எங்கள் தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருக்கிறது. கலியாணப் படங்களைத் திருத்தி ஆல்பம் போட்டுக் கொடுப்பதுதான் அந்த அண்ணனுக்குப் பிழைப்பு. பழைய லேப்டாப் உழைத்து ஓய்ந்துவிட்டது. கடன் வாங்கிப் புது லேப்டாப் வாங்கினார். 15.6 அங்குலத் திரை. "4கே" என்று பெட்டி மேலேயே பெரிதாகப் போட்டிருந்தது.

பல வருஷம் கை பழகிய படம் திருத்தும் புரோகிராமை அதில் ஏற்றினார். திறந்தார். திகைத்தார்!

தூரிகை, கத்திரி, அழிப்பான் எல்லாம் எள்ளுப் போலக் கிடந்தன. மெனு எழுத்தோ எறும்பு வரிசை! ஒன்றைத் தொடப் போனால் பக்கத்தில் இருப்பது அழுந்தியது.

"என்ன தம்பி, என் கண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டதா?" என்று என்னைக் கேட்டார்.

கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோளாறு வேறு இடத்தில்!

லேப்டாப் திரை என்பது என்ன? கோலத்தைப் போலப் புள்ளிகளால் ஆனது. 1366-க்கு 768 புள்ளி உள்ள பழைய திரையில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 100 புள்ளி. 4கே திரையில் 3840-க்கு 2160 புள்ளி. அதே 15.6 அங்குலத்துக்குள் இத்தனையையும் அடைத்தால், ஓர் அங்குலத்துக்கு 282 புள்ளி! படம் பளிச்சென்று இருக்கும். அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் பழைய புரோகிராம் என்ன செய்கிறது? "தூரிகைப் படத்தை 20 புள்ளி அகலத்தில் போடு" என்கிறது. பழைய திரையில் 20 புள்ளி என்றால் 5 மில்லிமீட்டர். புதுத் திரையில் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. புள்ளி சிறுத்துவிட்டது என்ற செய்தியே பாவம், அந்தப் புரோகிராமுக்குத் தெரியாது!

இது உலகம் முழுவதும் நடந்த கூத்துதான். 2012 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஆப்பிள் கம்பெனி "ரெட்டினா" திரை வைத்த மேக்புக் புரோ லேப்டாப்பை வெளியிட்டது. ஆரம்ப விலை 2,199 டாலர். அதற்கு முந்தைய 15 அங்குல லேப்டாப்பின் சாதாரணத் திரையில் 12 லட்சத்து 96 ஆயிரம் புள்ளிகள். இதிலோ 51 லட்சத்து 84 ஆயிரம். சரியாக நான்கு மடங்கு!

படக்காரர்கள் ஆசையோடு வாங்கினார்கள். அவர்களுடைய முக்கியமான ஆயுதம் அடோபி கம்பெனியின் போட்டோஷாப். அதன் சி.எஸ். 6 பதிப்பு அந்த வருஷம்தான் வந்திருந்தது. புத்தம் புதிய பதிப்பு! ஆனாலும் புதுத் திரைக்கு அது தயாராக இல்லை.

மேக்கில் எழுத்து எறும்பாகவில்லை. அங்கே வியாதி வேறு. தயாராகாத புரோகிராமின் ஒவ்வொரு புள்ளியையும் நான்கு புள்ளியாக மேக் இழுத்துப் போட்டது. அளவு சரியாக இருந்தது. ஆனால் எல்லாம் மங்கல்! விலை உயர்ந்த திரையில், திருத்த வேண்டிய போட்டோவே மங்கல். இதற்கான அப்டேட் 2012 டிசம்பரில்தான் வந்தது. ஆறு மாதம்!

மங்கல்தானே, போகட்டும் என்று நினைக்காதீர்கள். எங்கள் தெரு அண்ணன் அப்படித்தான் நினைத்தார். விண்டோஸ் அமைப்பில் ஒரு குறுக்கு வழி உண்டு. புரோகிராமின் ஐகானில் வலது பட்டனை அழுத்தி, "ப்ராபர்ட்டீஸ்" போய், "கம்பேட்டிபிலிட்டி" பகுதியில் ஓர் ஏற்பாட்டை மாற்றினால், விண்டோஸே எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும். செய்தார். எழுத்து பெரிதாயிற்று. கூடவே படமும் மங்கிற்று.

முகம் மங்கலாகத் தெரிகிறதே என்று கூர்மையைக் கூட்டினார். இன்னும் கொஞ்சம் கூட்டினார். ஆல்பம் அச்சாகி வந்தது. மணப்பெண்ணின் முகத்தில் மணலைத் தூவியது போல இருந்தது! பெண் வீட்டார் சும்மா விடுவார்களா? முழு ஆல்பத்தையும் சொந்தக் காசில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தார். அந்த வேலையில் வந்த லாபம் முழுவதும் போயிற்று.

இப்போது என் அபிப்பிராயத்தைச் சொல்லி விடுகிறேன். புதுத் திரைக்கு ஏற்ற அப்டேட், பணம் கொடுத்து வாங்கியவருக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். புது வித்தைகளுக்குக் காசு கேளுங்கள், நியாயம். வாங்கின சாமான் கண்ணுக்குத் தெரிவதற்கும் தனிக் காசா?

2012-ல் மேக் வைத்திருந்த சி.எஸ். 6 சொந்தக்காரர்களுக்கு அடோபி இந்த வசதியை இலவசமாகத்தான் கொடுத்தது. பாராட்டலாம். ஆனால் விண்டோஸ்காரர்கள்? போட்டோஷாப்பில் எல்லாவற்றையும் இரு மடங்காகக் காட்டும் ஏற்பாடு 2014-ல் அவர்களுக்கு வந்தது. அதுவும் சோதனை முயற்சியாக. அதற்குள் அடோபி சந்தா முறைக்கு மாறிவிட்டது. சந்தா கட்டினால்தான் அந்தப் பதிப்பு! ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு!

கம்பெனிக்காரர்கள் பக்கமும் ஒரு வார்த்தை. இது சின்ன வேலை அல்ல. போட்டோஷாப் முதலில் விற்பனைக்கு வந்தது 1990-ல். அத்தனை வருஷமாகச் சேர்ந்த ஐகான்களையும் ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் "கிம்ப்" புரோகிராமைப் பாருங்கள். 2018-ல் வந்த 2.10 பதிப்பில் ஐகான்களைப் பெரிதாக்க முடிந்தது. திரைக்கு ஏற்றபடி மொத்தமும் சீரானது 2025-ல் வந்த 3.0 பதிப்பில்தான். தாமதம் ஆகலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "எங்கள் பழைய பதிப்பு இந்தத் திரைக்கு ஆகாது" என்று முன்கூட்டியே பெரிய எழுத்தில் சொல்ல என்ன தடை? செருப்புக் கடைக்காரர்கூட அளவு கேட்டுத்தானே எடுத்துக் காட்டுகிறார்!

வீட்டில் பிள்ளைக்கோ தொழிலுக்கோ லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? நீங்கள் உபயோகிக்கும் புரோகிராமின் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு போங்கள். கடையிலேயே கேளுங்கள். முடிந்தால் அதே மாதிரித் திரையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்!

அப்டேட் ஆன புரோகிராம் இருந்தாலும் ஒரு சங்கதி உண்டு. நெருக்கமான புள்ளி உள்ள திரையில் போட்டோவை 100 சதவிகிதத்தில் பார்த்தால் சிறிதாகத்தான் தெரியும். குறையும் ஒளிந்துகொள்ளும். 200 சதவிகிதத்திலும் ஒரு தடவை பாருங்கள்.

எங்கள் அண்ணன் பரண் மேல் கிடந்த பழைய மானிட்டரை இறக்கித் துடைத்து, புது லேப்டாப்போடு ஒரு கம்பியால் இணைத்துவிட்டார். திருத்துவது பழைய திரையில்! 4கே திரை பக்கத்தில் சும்மா மினுக்கிக்கொண்டிருக்கிறது. கடன் தவணை இன்னும் எட்டு மாதம் பாக்கி. அது முடிந்த பிறகுதான் புதுப் பதிப்புக்குப் பணம் கட்டுவாராம்.