நாச்சியாருக்கும் தங்க ரேக்கு ஒட்டுவோம்!

சென்னை கோட்டை அருங்காட்சியகத்தில் வெள்ளைக்கார கவர்னர்கள் பெரிய பெரிய எண்ணெய் ஓவியங்களாக நிற்கிறார்கள். நவாபையும் கம்பெனிப் படையையும் விரட்டி 1780-ல் சிவகங்கையை மீட்ட வேலுநாச்சியாருக்கோ, 2008-ல்தான் ஒரு தபால்தலை!

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் வீட்டுக்காரரை சிப்காட் ஷிப்டுக்கு அனுப்பிவிட்டுத் தஞ்சாவூர் ஓவியம் போடும் தோழிகளே! பலகையில் துணி ஒட்டி, மக்கு வைத்து, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி கிருஷ்ணரையும் லட்சுமியையும் போடுகிறோம். அதே கையால் வாளேந்திய நாச்சியாரையும் போட்டால் என்ன? 'சாமி படம்னாதானே விலை போகும்'னு தயங்காதீர்கள். மராட்டிய ராஜாக்களையும் இதே பாணியில் வரைந்திருக்கிறார்களே! விற்காவிட்டால் நம்ம கூடத்திலேயே மாட்டுவோம். 'இது யாரும்மா?'ன்னு பொண்ணு கேட்டாலே, ரேக்குக்குப் போட்ட காசு வசூலாயிடுச்சு.

- ஒரு வாசகி, கும்மிடிப்பூண்டி.