டீசலில் தண்ணீர்! டிரைவர் பேட்டாவில் கை வைப்பதா?

மழைக்காலம் வந்தால் குடை வியாபாரிக்குக் கொண்டாட்டம், லாரிக்காரருக்குத் திண்டாட்டம்!

கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றிவரும் லாரி, மதுரவாயல் பக்கம் வெள்ளைப் புகை கக்கி, முக்கி முனகி நின்றுவிடுகிறது. பின்னால் பஸ் நிற்கிறது. ஆபீஸ் போகிறவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தக்காளி வரலையே என்று கடைக்காரர் கையைப் பிசைகிறார்.

"என்னப்பா கோளாறு?"

"டீசல்ல தண்ணி, சார்!"

அதற்குப் பிறகுதான் கூத்து. நாசில் போச்சு, பம்பு போச்சு என்று ஒர்க்‌ஷாப்பில் பில் நீட்டுகிறார்கள். சில முதலாளிகள் அந்த பில்லை டிரைவர் தலையில் கட்டுகிறார்கள். பேட்டாவில் பிடித்தம், சம்பளத்தில் பிடித்தம். இது என்ன நியாயம்?

வரும் வழி மூன்று

தண்ணீர் எப்படி வருகிறது? டாங்க் மூடியின் ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தால் மழைநீர் இறங்கும். பிரஷர் பம்பால் வண்டி கழுவும்போதும் அந்த வழியாகவே நுழையும். இது ஒன்று.

பாதி டாங்கோடு ராத்திரி வண்டியை நிறுத்தினால், உள்ளே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து, சோற்றுப்பானை மூடியில் வேர்ப்பதுபோல வேர்த்துச் சொட்டும். இது இரண்டு.

மூன்றாவது, பங்கிலிருந்தே வருவது. 2015 டிசம்பரிலும், மிச்சாங் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் மிதந்ததை யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாளில் நிலத்தடி டாங்க் மூடி சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? சொல்லவே வேண்டாம்!

பழைய வண்டி அல்ல

தண்ணீர் டீசலைவிடக் கனம். அடியில் போய்த் தங்கும். அங்கே துருப்பிடிக்கும், பாசிபோல அழுக்கு வளரும், ஃபில்டர் அடைக்கும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபிறகு விற்கும் லாரிகளில் டீசல் 1,600 பார் அழுத்தத்துக்கும் மேலே பாய்கிறது. லாரி டயரில் இருப்பதோ சுமார் 8 பார்தான்! அந்தப் பம்புக்கு டீசல்தான் மசகு. நடுவே தண்ணீர் புகுந்தால் இரும்போடு இரும்பு உரசும். நாசில் முனையே பிய்ந்துபோவதும் உண்டு. ஒரு நாசில் விலையே பல ஆயிரம்.

இரண்டு நிமிட வேலை

இதற்கு மருந்து இல்லையா? இருக்கிறது. ஃபில்டரோடு சேர்ந்தே தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் இருக்கிறது. காலையில் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால், கீழே ஒரு டப்பாவை வைத்து, அடித்திருகைத் தளர்த்தினால் தண்ணீர் இறங்கிவிடும். சுத்தமான டீசல் வந்ததும் மூடிவிடலாம். டப்பாவில் பிடித்ததை ரோட்டில் ஊற்றக்கூடாது. பைக்காரர் வழுக்கி விழுவார்.

ராத்திரி நிறுத்தும்போதே டாங்கை நிரப்பிவிடுவது நல்லது. பங்கில் டாங்கர் லோடு இறக்கும்போது டீசல் பிடிக்கக்கூடாது. அடியில் கிடப்பதெல்லாம் கலங்கி மேலே வரும். டேஷ்போர்டில் தண்ணீர் விளக்கு எரிந்தால், "ஊர் போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டக்கூடாது. அங்கேயே நிறுத்த வேண்டும்.

யார் பொறுப்பு?

டிரைவருக்குப் பொறுப்பு உண்டு. ஆனால், ஃபில்டர் மாற்றக் காசு கேட்டால் "அடுத்த டிரிப்பில் பார்க்கலாம்" என்பது யார்? விளக்கு எரியுது என்று போன் செய்தால் "லோடை இறக்கிட்டுப் பேசு" என்பது யார்? சாவி டிரைவர் கையில் இருக்கலாம். பணப்பை முதலாளி கையில் அல்லவா இருக்கிறது!

பங்க்காரர்களும் தப்பிக்க முடியாது. அளவுகோலில் தடவும் பசை ஒன்று இருக்கிறது. தண்ணீர் பட்டால் நிறம் மாறும். பெருமழை பெய்த மறுநாள் அதை வாடிக்கையாளர் கண்முன்னால் விட்டுக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

முதலாளிகள் செய்ய வேண்டியது இதுதான்: ஃபில்டரை நாள் தவறாமல் மாற்றுங்கள். தண்ணீர் இறக்கும் வேலையை டிரைவருக்கும் கிளீனருக்கும் ஒரு தடவை நேரில் செய்துகாட்டுங்கள். விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்தும் உரிமையை டிரைவருக்கே கொடுங்கள்.

இவ்வளவும் செய்தபிறகு டிரைவர் தப்பு செய்தால் கேளுங்கள். ஒன்றும் செய்யாமல் பேட்டாவைப் பிடிப்பது, மழை பெய்ததற்கு நனைந்தவனிடம் அபராதம் கேட்பதுதான்!