பாலத்தில் நமக்கும் ஒரு தடம் வேண்டும்

சென்னையில் அடையாற்றைக் கடக்கும் பாலங்களில் சைக்கிளுக்குத் தனித்தடம் வேண்டும். திரு.வி.க. பாலத்தில் வேண்டும், கோட்டூர்புரம் பாலத்தில் வேண்டும், சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தில் வேண்டும். இனியும் இதைத் தள்ளிப்போட முடியாது.

தெருவில் நெரிசல் என்றால் சைக்கிள்காரர் பக்கத்துச் சந்தில் புகுந்து போய்விடலாம். ஆற்றுக்குச் சந்து கிடையாது. முகத்துவாரத்திலிருந்து ஈக்காட்டுத்தாங்கல் வரை விரல்விட்டு எண்ணக்கூடிய பாலங்கள்தான். அக்கரையில் வேலை என்றால் அவற்றில் ஒன்றின் மேல் ஏறியே ஆகவேண்டும்.

காலை ஆறு மணிக்கு அங்கே நின்று பாருங்கள். இரவுப் பணி முடித்து வரும் செக்யூரிட்டி, பேப்பர் போடும் பையன், கரண்டியும் மட்டக்கோலும் பையில் தொங்கும் கொத்தனார், கேரியரில் டீ கேன் கட்டிய வியாபாரி. நிறைகேனோடு பாலத்தின் ஏற்றத்தை மிதிக்க முடியாது. அவர் இறங்கித் தள்ளுகிறார். இடது பக்கம் நடைபாதைக் கல், அதன் ஓரம் பெருக்காமல் சேர்ந்த மணல். வலது பக்கம் மாநகரப் பேருந்து. பாலத்தின் இரும்பு இணைப்பில் முன்சக்கரம் ஏறி இறங்கும்போது கேன் ஒருபக்கம் சாய்கிறது. அதைத் தாங்க அவர் கையை நீட்டும்போது பின்னால் ஹாரன். அங்கே கால் வழுக்கினால் விழுவது பஸ்ஸின் பின்சக்கரத்துக்கு அடியில்தான். பஸ் ஓட்டுநரை நான் குறை சொல்லமாட்டேன். அவரும் தொழிலாளி, ஒதுங்க அவருக்கும் இடமில்லை.

நாம் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 1962-லேயே சைக்கிள் தடங்களுக்கு நெறிமுறை வகுத்துவிட்டது. சாலையில் உள்ள தடம் பாலத்தின் மேலும் முழு அகலத்தோடு தொடர வேண்டும்; கைப்பிடிச் சுவரை ஒட்டி அது போனால் சுவரை 15 சென்டிமீட்டர் கூடுதலாக உயர்த்த வேண்டும் என்று அதில் இருக்கிறது. சைக்கிளில் உட்கார்ந்தவர் தடுமாறினால் சுவரைத் தாண்டி விழக்கூடாது என்பதுவரை யோசித்திருக்கிறார்கள். சென்னை மாநகராட்சி 2014-ல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்றே ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் என்றது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி தருகிறது. நல்ல திட்டம், வரவேற்கிறோம். அந்தப் பிள்ளையைத் திரு.வி.க. பாலத்தின் மேல் தனியாக அனுப்ப எந்தத் தாய்க்குத் துணிச்சல் வரும்?

நெரிசல் கூடிவிடும் என்பார்கள். பாலத்தின் மேல் வண்டிகள் நிற்பது பெரும்பாலும் பாலம் குறுகலாக இருப்பதால் அல்ல, இறங்கும் இடத்தில் சிக்னல் விழுவதால். மேலே இன்னொரு வரிசை கார் நின்றாலும் அந்தச் சிக்னல் விடும் வண்டிகள்தான் போகும். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தில் 2021 செப்டம்பரில், கார் ஓடிய ஒரு தடத்தையே எடுத்து, தடுப்பு வைத்து, சைக்கிளுக்குக் கொடுத்தார்கள். பாலம் முடங்கவில்லை. சைக்கிளில் கடப்பவர்கள் பெருகினார்கள்.

பணமில்லை என்ற பேச்சையும் ஏற்கவேண்டாம். தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு 621 கோடி ரூபாய்த் திட்டம் போட முடிந்தது. நாம் கேட்பது புதுப் பாலம் அல்ல. இருக்கிற பாலத்தில் இருபுறமும் 2 மீட்டர், வண்டி ஏறாதபடி தடுப்புக் கம்பம், இரும்பு இணைப்பின் மேல் சமமான மூடி, தினமும் ஓரத்தைக் கூட்டிச் சுத்தம் செய்ய ஆள். பூசிய கோடு மட்டும் போதாது. கோட்டின் மேல் மறுநாளே கார் நிற்கும்.

1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது அதன் துணைத் தலைவர்களில் ஒருவர் திரு.வி.க. பின்னி மில் தொழிலாளிக்காக மேடையேறிய அந்த மனிதரின் பெயரைத் தாங்கும் பாலத்தில், வேலைக்குப் போகும் தொழிலாளி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார். இது நமக்கு வெட்கம். இதை மாற்றும் கடமையும் நமக்குத்தான்.

வரும் திங்கள்கிழமை காலை ஆறு மணிக்குத் திரு.வி.க. பாலத்தின் இரு முனையிலும் கூடுவோம். ஒன்பது மணிவரை கடக்கும் ஒவ்வொரு சைக்கிளையும் எண்ணுவோம். நம்மை யாரும் எண்ணாததால்தான் நாம் அதிகாரிகளின் கணக்கில் இல்லை. கடப்பவரை மறித்துப் பேசவேண்டாம், அவருக்கு நேரமாகும்; இறங்குமுகத்தில் நின்று நம் மனுவில் கையெழுத்து வாங்குங்கள். மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறையைக் கைகாட்டலாம், அவர்கள் இவர்களைக் கைகாட்டலாம். ஆகவே மனு இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் போகும். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் ஒவ்வொரு வார்டிலும் தீர்மானம் கொண்டுவாருங்கள். கவுன்சிலர் முன்னால் எழுந்து கேளுங்கள்.

வீட்டு வேலைக்குப் போகும் அக்காமார்களையும் அழைத்து வாருங்கள். பாலத்து நடைபாதையும் அவர்கள் பிரச்சினைதான். சங்கத்துக்காரர், சங்கத்தில் இல்லாதவர் என்று பார்க்கவேண்டாம். சைக்கிள் வைத்திருப்பவர் சைக்கிளோடு வாருங்கள், இல்லாதவர் நடந்து வாருங்கள். திங்கள் காலை ஆறு மணி, தோழர்களே. தவறாமல் வாருங்கள்.